குடுவைச் செடிக்கு எந்தத் தண்ணீர்? பெங்களூரு வாசகர்களுக்குக் கோடைக்கு முந்தைய ஆலோசனை

சிவராத்திரியோடு குளிர் கழிந்துவிடும் என்பது பெங்களூருக் கணக்கு. இனி மாங்காய் மழை வரும்வரை மதியக் காற்று வறண்டுதான் வீசும். மார்ச் பிற்பகல்களில் ஈரப்பதம் 30 சதவீதத்துக்குக் கீழேகூட இறங்கும். நெப்பந்தஸ் குடுவைச் செடி வைத்திருப்பவர்கள், முக்கியமாக ஜனவரியில் லால்பாக் மலர்க் கண்காட்சி சமயத்தில் ஆசைப்பட்டு வாங்கியவர்கள், இந்த வாரமே கவனிக்க வேண்டியவற்றைச் சொல்லிவிடுகிறேன்.

மேற்கு வெயில் படும் இடத்திலிருந்து தொட்டியை நகர்த்துங்கள். காலை வெயில் இரண்டு மூன்று மணி நேரம் போதும். கிழக்குப் பார்த்த பால்கனி இல்லையென்றால் 50 சதவீத நிழல்வலை கட்டுங்கள். முழுதும் காய்ந்த குடுவைகளை வெட்டிவிடுங்கள். பாதி பச்சையாக இருப்பதைத் தொடாதீர்கள். இலைக்கணுவில் மாவுப்பூச்சி இருக்கிறதா பாருங்கள், இருந்தால் ஈரப் பஞ்சால் துடைத்தெடுங்கள். தொட்டியைத் தட்டில் தேங்கிய தண்ணீரில் நிறுத்தாதீர்கள். வேர் அழுகும், டெங்கு கொசுவும் முட்டையிடும். நான்கைந்து செடிகளை நெருக்கி வைத்தால் அவற்றுக்கிடையே ஈரப்பதம் கொஞ்சம் தங்கும். குடுவைக்குள் சோறு, கறித்துண்டு, முட்டை எதுவும் போடாதீர்கள். எறும்பைப் பிடிக்க அதற்குத் தெரியும். மண்புழு உரம், சாணம், டி.ஏ.பி. எதையும் கிட்டே கொண்டுபோகாதீர்கள்.

இத்தனையும் சரியாகச் செய்தவர்களின் செடிகள்கூடப் போன கோடையில் செத்தன. காரணம் தண்ணீர். வேளை தவறாமல், தாராளமாக ஊற்றியிருக்கிறார்கள். ஊற்றியது உப்புத் தண்ணீர்.

இந்தச் செடியின் பிறப்பிடத்தை நினைத்துப் பாருங்கள். இந்தியாவில் இயற்கையாக வளரும் ஒரே நெப்பந்தஸ் இனமான காசியானா இருப்பது மேகாலயாவின் காரோ, காசி, ஜெயிந்தியா மலைகளில். இலங்கையின் இனம் தென்மேற்கு ஈரவலயத்தில் இருக்கிறது. கடைகளில் பரவலாகக் கிடைக்கும் வென்ட்ராட்டா கலப்பினத்தின் முன்னோர்கள் பிலிப்பைன்ஸ் காட்டைச் சேர்ந்தவை. எல்லாமே மழை அலசி அலசிச் சத்தும் உப்பும் கரைந்துபோன நிலங்கள். மண்ணில் தழைச்சத்து கிடைக்காததால்தான் அது பூச்சியிடமிருந்து எடுத்துக்கொள்கிறது. அதன் வேர் கறுத்து, மெலிந்து, தொட்டால் ஒடியும்படி இருக்கும். உப்பைத் தாங்கும் வலு அதற்குக் கிடையாது.

நம் ஊர்ப் போர்த் தண்ணீரில் கரைந்த உப்பு பல பகுதிகளில் லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டும். டேங்கர் தண்ணீரும் பெரும்பாலும் போர்த் தண்ணீர்தான். குடுவைச் செடிக்கு 50க்குள் இருந்தால் நல்லது, 100 வரை பொறுக்கும். ஷவர் துளையை அடைக்கும் அதே வெள்ளைப் பொருக்கு தொட்டிக்குள்ளும் படிகிறது. வெயில் ஏற ஏறத் தண்ணீர் ஆவியாகிறது, உப்பு உள்ளேயே தங்குகிறது. மார்கழியில் தாங்கிய செடி சித்திரையில் சாவது இதனால்தான். முதலில் புதுக் குடுவை வராது. இலை நுனியில் முளைக்கும் மொட்டு கருகும். பிறகு இலை ஓரம் பழுப்பாகும். இதைப் பார்த்துச் செடிக்குத் தாகம் என்று நினைத்து அதே தண்ணீரை இன்னும் ஒரு செம்பு ஊற்றுகிறீர்கள்!

இன்னொன்று இதைவிட மோசம். 2024 மார்ச்சில் போர்வெல்கள் வறண்டபோது, குடிநீரைத் தோட்டத்துக்கும் கார் கழுவவும் பயன்படுத்தினால் 5,000 ரூபாய் அபராதம் என்று குடிநீர் வாரியம் உத்தரவிட்டது. தேவையான உத்தரவு. ஆர்.ஓ. இயந்திரம் வெளியே தள்ளும் கழிவுநீரை வாளியில் பிடித்துச் செடிக்கு ஊற்றும் பழக்கம் அப்போது வலுத்தது. செம்பருத்தி ஓரளவு தாங்கும். குடுவைச் செடி தாங்காது. வடிகட்டி ஒதுக்கிய உப்பெல்லாம் அந்த வாளியில்தான் இருக்கிறது. குழாய்த் தண்ணீரைவிட அது கெட்டது. தரை துடையுங்கள், கழிவறைக்கு ஊற்றுங்கள். குடுவைச் செடிக்கு ஆர்.ஓ. கழிவுநீர் ஒரு சொட்டும் வேண்டாம்.

காய்ச்சி ஆறவைத்தால் உப்பு போகுமா? போகாது; தண்ணீர் வற்றினால் மீதி உப்பு செறியும். இரவு முழுக்கத் திறந்து வைத்தால்? குளோரின் போகலாம், உப்பு போகாது. அடுக்குமாடியில் சாஃப்ட்னர் இருக்கிறது என்பார்கள். அது கால்சியத்தை எடுத்துக்கொண்டு சோடியத்தைக் கொடுக்கிறது. சோப்பு நன்றாக நுரைக்கும், செடி சாகும்.

கரைந்த உப்பை அளக்கும் டி.டி.எஸ். மீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. செடிக்கு அதைவிட அதிகம் கொடுத்திருப்பீர்கள்; மீட்டரையும் வாங்குங்கள். ஆர்.ஓ.வின் குடிநீர் குழாயில் வருவதையும் அளந்து பாருங்கள். ருசிக்காக வடிகட்டாத தண்ணீரைக் கொஞ்சம் திரும்பக் கலக்கும் திருகு பல இயந்திரங்களில் உண்டு. 100க்கு மேல் காட்டினால் மெக்கானிக்கிடம் சொல்லிக் குறைக்கச் சொல்லுங்கள். கேன் தண்ணீரையும் அளக்காமல் நம்பாதீர்கள். ஏ.சி.யிலிருந்து சொட்டும் நீரில் உப்பு மிகக் குறைவு. ரசாயனம் போட்டு ஏ.சி.யைக் கழுவியிருந்தால் சில நாள் விட்டுப் பிடியுங்கள்.

இதுவரை தவறான தண்ணீர் ஊற்றியிருந்தால் இன்றே அலசுங்கள். தொட்டியின் கொள்ளளவைப்போல மூன்று மடங்கு நல்ல தண்ணீரை மெதுவாக மேலிருந்து ஊற்றி அடியில் வடியவிடுங்கள். ஒரு வாரம் கழித்து மறுபடியும் செய்யுங்கள். மேலே வெள்ளைப் பொருக்குத் தெரிந்தால் அலசுவதோடு நிறுத்தாமல் தொட்டிக் கலவையையே மாற்றுங்கள். ஸ்பேக்னம் பாசியும் பெர்லைட்டும் போதும், செம்மண் கூடாது. கோகோபீட்டிலும் உப்பு உண்டு. ஊறவைத்துப் பிழிந்த நீர் மீட்டரில் 100க்குக் கீழே வரும்வரை கழுவுங்கள். வேரைப் பிரித்து உதறாதீர்கள். மேல்தண்டு கருகினாலும் செடியைத் தூக்கி எறிய வேண்டாம். அடியிலிருந்து பக்கக் கிளை வெடிக்க வாய்ப்புண்டு.

காட்டிலிருந்து எடுத்த காசியானாவை யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள். 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் காக்கும் செடி அது. நர்சரியில் பெருக்கிய கலப்பினங்களே நம் பால்கனிக்குப் போதும்.

ஏப்ரலில் மாங்காய் மழை தொடங்கும். மழைநீரைவிட நல்ல தண்ணீர் இந்தச் செடிக்குக் கிடையாது. 10 சதுர மீட்டர் கூரையில் 20 மில்லிமீட்டர் பெய்தால் 200 லிட்டர். மூடியுள்ள டிரம்மை இப்போதே வாங்கிக் கழுவி வையுங்கள். முதல் பத்து நிமிட மழையைத் தூசியோடு போகவிட்டு, பிறகு பிடியுங்கள். கொசு நுழையாதபடி வாயில் வலை கட்டுங்கள். சம்ப்பில் சேர்ந்த மழைநீர் போர்த் தண்ணீரோடு கலந்திருக்கும், அதை மொள்ளாதீர்கள்.