திருச்சுழியில் ஒரு பழைய வீடு

வீரசோழன் பக்கத்தாருக்குத் திருச்சுழி நன்கு தெரிந்த ஊர். அங்கே திருமேனிநாதர் கோயிலுக்கு அருகே 'சுந்தர மந்திரம்' என்னும் இல்லம் உள்ளது. 1879 டிசம்பர் 30-இல் ரமண மகரிஷி பிறந்த வீடு இதுவே. ரமணாசிரமத்தார் இதனைப் பேணி வருகின்றனர்.

மகானை நினைத்தே பலரும் இதனைக் காண வருகின்றனர். எனக்கோ அவர் தந்தை சுந்தரமய்யரே வியப்பளிக்கிறார். வக்கீல் தொழில் புரிந்த அவர் வீட்டை இரு பகுதிகளாக வைத்திருந்தார். ஒன்று குடும்பத்திற்கு, மற்றொன்று விருந்தினருக்கு! ஊருக்குப் புதிதாக வந்தவர்கள் அங்கே தங்கி உண்டனர். மழை பொய்க்கும் வானம் பார்த்த பூமியில் வந்தவர்க்கெல்லாம் சோறிடுவது எளிதா, தோழியரே? இன்று கட்டும் வீடுகளில் திண்ணைகூட இல்லை.

1892-இல் அவர் காலமானார். குடும்பம் பிரிந்தது. மூத்த பிள்ளைகள் இருவரும் மதுரையில் சிற்றப்பா வீட்டில் உண்டு வளர்ந்தனர். பின்னாளில் ரமணரான வேங்கடராமனுக்கு அப்போது வயது 12.