போரில் இறந்தவரைப் பற்றி எழுத வரும் பிள்ளைகளுக்கு

பள்ளி ஆண்டு மலருக்கோ ஊர்ச் சிறப்பிதழுக்கோ போரில் உயிர்விட்ட ஒரு வீரரைப் பற்றி எழுத ஆசைப்படுகிறீர்கள். நல்ல காரியம். 1965 இந்திய–பாகிஸ்தான் போரில் இறந்த அப்துல் ஹமீதை வைத்தே எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். அவர் செய்த வேலை என்ன என்று வாசகருக்கு விளங்கவையுங்கள், வீரம் தானாகத் தெரியும்.

1. பிறப்போடு பிழைப்பையும் எழுதுங்கள். ஹமீது 1933 ஜூலை 1 அன்று உத்தரப் பிரதேசத்தில், காஜிப்பூர் மாவட்டத்துத் தாமுப்பூரில் பிறந்தார். அப்பா தையல்காரர், மகனும் அந்த வேலையில் கூடமாட இருந்தவர். 1954 டிசம்பரில் படையில் சேர்ந்தார். ‘பிறவி வீரர்’ என்று ஆரம்பித்தால் இந்த மனிதர் அப்போதே காணாமல் போய்விடுவார்.

2. சீருடை போட்டவரையெல்லாம் ‘தளபதி’ ஆக்காதீர்கள். ஹமீது, கம்பெனி குவார்ட்டர்மாஸ்டர் ஹவில்தார். கம்பெனிக்கு வேண்டிய ரேஷன், உடுப்பு, தளவாடம் எல்லாம் அவர் பொறுப்பு. அவர் இருந்த படையணி ‘4 கிரனேடியர்ஸ்’ என்று பார்த்தால் கிரனேடியர்ஸ் ரெஜிமெண்டின் நான்காவது பட்டாலியன் என்று படியுங்கள். நாலு பேர் என்று எழுதி மானத்தை வாங்காதீர்கள்.

3. கடைசி நாளுக்கு முந்தைய ஆண்டுகளைத் தாண்டிக் குதிக்காதீர்கள். 1962-ல் சீனப் படையை எதிர்கொண்ட பட்டாலியன் அது. ஹமீது டாங்கி எதிர்ப்புத் துப்பாக்கியில் பல ஆண்டு பழகியவர். பட்டாலியனிலேயே குறி தவறாதவர் என்று பெயர் எடுத்தவர். 1965-ல் டாங்கி எதிர்ப்புப் பிரிவை நடத்த ஆள் இல்லாதபோது, ஸ்டோர் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தவரைத் திரும்பக் கூப்பிட்டார்கள். இது தெரியாவிட்டால், போர்க்களத்தில் அவர் செய்தது அதிர்ஷ்டம்போலத் தோன்றும்.

4. ஆயுதம் எப்படி வேலை செய்யும் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஹமீதிடம் இருந்தது ஜீப்பில் பொருத்திய 106 மி.மீ. ரீகாயில்லெஸ் துப்பாக்கி. சுட்டதும் அதன் பின்பக்கத்திலிருந்து நெருப்பும் காற்றும் சீறி, புழுதி மேலே கிளம்பும். எங்கிருந்து சுட்டீர்கள் என்பதை அந்தப் புழுதியே எதிரிக்குக் காட்டிக்கொடுத்துவிடும். ஆகவே சுட்ட கையோடு இடம் மாற வேண்டும். ஜீப்பைச் சுற்றிக் கவசத் தகடு கிடையாது. எதிரே வந்தவையோ எஃகுக் கவசம் போர்த்திய பேட்டன் டாங்கிகள். ஒவ்வொரு குண்டுக்கும் டாங்கி நெருங்கும்வரை காத்திருக்க வேண்டும், சுட வேண்டும், உடனே நகர வேண்டும். இவ்வளவையும் எழுதிவிட்டால் ‘அஞ்சாநெஞ்சன்’ என்ற அடைமொழிக்கு அவசியமே இல்லை.

5. நிலத்தையும் உடன் நின்றவர்களையும் மறக்காதீர்கள். பஞ்சாபின் கேம்கரண் பகுதியில், அசல் உத்தர் என்ற ஊரைச் சுற்றிக் குதிரை லாட வடிவில் நம் நான்காவது மலைப் படைப்பிரிவு நிலைகொண்டிருந்தது. வாய்க்கால் நீரைத் திறந்துவிட்டதில் வயல்கள் சேறாகின, டாங்கிகள் சிக்கின. ஆள் உயரக் கரும்பு மறைவு கொடுத்தது. நம் டாங்கிப் படையும் சேர்ந்தே சுட்டது. ஒருவரே போரை வென்றார் என்று எழுதினால் பக்கத்தில் நின்று செத்தவர்களுக்குத் துரோகம் செய்கிறீர்கள்.

6. எதிரியை மட்டம் தட்டாதீர்கள். பேட்டன், அந்நாளில் பேர்பெற்ற அமெரிக்க டாங்கி. அதைத் தகர டப்பா என்று எழுதினால் ஹமீது செய்ததும் சின்ன வேலையாகிவிடும்.

7. எண்ணிக்கையில் பேராசை வேண்டாம். அவர் வீழ்த்திய டாங்கிகள் ஏழு என்பார்கள், எட்டு என்பார்கள். பெரிய எண்ணைப் பிடித்துக்கொள்ளாமல், எந்த நாள்வரை எண்ணியது, யார் பார்த்தது என்று விசாரியுங்கள். தீரவில்லையா, இரண்டையும் எழுதுங்கள். செப்டம்பர் 10 அன்று, 32 வயதில், டாங்கியோடு நேருக்கு நேர் மோதியபோதுதான் அவர் இறந்தார் என்பதில் குழப்பம் இல்லை.

8. ‘வீரமரணம் எய்தினார்’ என்று எழுதியதும் பேனாவை மூடாதீர்கள். 1966 குடியரசு நாளில், குடியரசுத் தலைவர் ராதாகிருஷ்ணன் கையால், போர்க்கள வீரத்துக்கான நாட்டின் மிக உயர்ந்த விருதான பரம்வீர் சக்ராவை வாங்கியவர் ஹமீதின் மனைவி ரசூலன் பீவி. அதற்குப் பிறகும் அரை நூற்றாண்டுக்கு மேல் வாழ்ந்து, 2019-ல் காலமானார். போர் இருபத்துச் சொச்சம் நாளில் முடிந்தது. அந்த அம்மாவுக்கு அது முடிய எத்தனை வருஷம் ஆனது என்பதும் இந்த வரலாற்றில் சேர்ந்ததுதான்.

9. எழுதி முடித்ததும் மாவீரர், சிங்கம், தியாகச்சுடர் எல்லாவற்றையும் அடித்துவிட்டு ஒருமுறை வாசியுங்கள். கட்டுரை நின்றால் அச்சுக்குக் கொடுங்கள். விழுந்துவிட்டால், நீங்கள் விசாரிக்க வேண்டியது இன்னும் பாக்கி இருக்கிறது.