மத்தி ஏன் ஒரு வாரம் குவியுது, மறுவாரம் காணோம்?

கம்மாபுரத்தில் கடல் கிடையாது. நெய்வேலிச் சுரங்கத்தை ஒட்டிய ஊர். கடல் மீன் என்றால் கடலூர்ப் பக்கமிருந்து ஐஸ் பெட்டியில் வரணும். பெட்டியில் பெரும்பாலும் மத்தி, கவலை, நெத்திலி. மூன்றும் கூட்டமாகத் திரியும் சிறு மீன்கள். "போன வாரம் அள்ளிக் கொடுத்தீங்களே?" என்று கேட்டால், "கடல்ல கிடைக்கலம்மா" என்பார் வியாபாரி. உண்மைதான்.

மத்தி நுண்பாசியைத் தின்று வேகமாக வளரும். ஆயுள் இரண்டு, இரண்டரை ஆண்டு. அதனால் கடல் நன்றாயிருந்தால் பெருகும், நீர் சூடேறிப் பாசி குறைந்தால் சரியும். கேரளத்தில் 2012-ல் சுமார் 4 லட்சம் டன் கிடைத்தது. 2021-ல் வெறும் 3,297 டன். பெரு நாட்டில் 1970-ல் ஒரு கோடி டன்னுக்கு மேல் நெத்திலி பிடித்து, பெரும்பகுதியை மீன்தூளாக்கினார்கள். 1972-ல் எல் நினோ வந்து கடல் சூடாக, ஏற்கெனவே மிதமிஞ்சிப் பிடித்த அந்தத் தொழில் படுத்துவிட்டது.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. பரவி வாழும் மீன் குறைந்தால் வலையிலும் குறையும். மீனவருக்கு உடனே தெரிந்துவிடும். மத்தி குறைந்தாலோ, மிச்சமிருப்பவை சேர்ந்தே திரியும். கூட்டத்தைக் கண்டு வளைத்தால் வலை நிறைந்துதான் வரும். "நிறைய கிடைக்குதே" என்று இருக்கும்போதே கடல் காலியாகிக்கொண்டிருக்கலாம்.

சுருக்குமடி வலை மீதான பயம் இதனால்தான். பாட்டி இடுப்பில் செருகும் சுருக்குப்பை மாதிரிதான் அதுவும்: கூட்டத்தைச் சுற்றிச் சுவர்போல வலை, அடியில் வளையங்களில் கோத்த கயிறு; இழுத்தால் அடி மூடிக்கொள்ளும். தமிழ்நாடு அரசு 2000-ல் இதைத் தடை செய்தது. 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இடைக்கால உத்தரவில், 12 கடல் மைலுக்கு அப்பால், திங்களும் வியாழனும் மட்டும், காலை 8 முதல் மாலை 6 வரை அனுமதித்தது. கடன் வாங்கி இந்த வலை வாங்கியவர் ஒரு பக்கம், ஃபைபர் படகில் சிறு வலை வீசுபவர் மறுபக்கம். கடலூர்க் கரையில் இருவரும் பக்கத்துப் பக்கத்து ஊர்க்காரர்கள்.

சித்திரை பிறந்த மறுநாள், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக்கூடாது. அந்நாட்களுக்கு மீனவக் குடும்பத்துக்கான நிவாரணம் 5,000 ரூபாயிலிருந்து 8,000 ஆக உயர்ந்திருக்கிறது. கரையோரத்தில் சொந்தக்காரர் இருந்தால், பதிவும் வங்கிக் கணக்கும் சரியாக உள்ளதா என்று மீன்வளத்துறை அலுவலகத்தில் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். அந்த நாட்களில் நம்ம ஊருக்கு வரும் மத்தி நாட்டுப்படகில் பிடித்ததாக இருக்கும். இல்லையென்றால் மேற்குக் கரையிலிருந்து லாரியில் வந்திருக்கும். அங்கே தடை தொடங்குவது ஜூனில்தான்.