போஸ்ட்கிரஸ் தரவுத்தளக் கோளாறுகள்: எதற்கு எந்தத் தீர்வு?

போஸ்ட்கிரஸ் தரவுத்தளத்தைப் பராமரிப்பவர்கள் சந்திக்கும் கோளாறுகள் பெரும்பாலும் ஆறு வகைக்குள் அடங்கிவிடும்: வினவல் மெதுவாக ஓடுவது, வினவல் தவறான விடை தருவது, பூட்டில் சிக்கி வேலை நிற்பது, புதிய இணைப்பு கிடைக்காமல் போவது, வட்டு நிரம்புவது, தரவே அழிந்துபோவது. ஒவ்வொன்றுக்கும் பல தீர்வுகள் உண்டு. சில தீர்வுகளைச் சர்வர் ஓடிக்கொண்டிருக்கும்போதே யாருக்கும் இடையூறில்லாமல் செய்து முடிக்கலாம். சில அட்டவணையை மணிக்கணக்கில் முடக்கிவிடும். இன்னும் சில, செய்தபின் திரும்ப முடியாதவை. எனவே ஒரு தீர்வைக் கையில் எடுக்குமுன் மூன்று கேள்விகளுக்கு விடை வேண்டும். அது யாருடைய வேலையை நிறுத்தும்? தவறாகப் போனால் பழைய நிலைக்குத் திரும்பலாமா? அது காரணத்தைத் தீர்க்கிறதா, அறிகுறியை மூடி மறைக்கிறதா?

வினவல் மெதுவாக ஓடினால்

முதலில் பார்க்க வேண்டியது வினவலின் செயல்திட்டம். எக்ஸ்ப்ளெய்ன் கட்டளை வினவலை ஓட்டாமல் மதிப்பீட்டை மட்டும் காட்டும். எக்ஸ்ப்ளெய்ன் அனலைஸ் வினவலை உண்மையாகவே ஓட்டி, ஒவ்வொரு படியிலும் எத்தனை வரிசைகள் வந்தன, எவ்வளவு நேரம் ஆனது என்று அளந்து சொல்லும். உண்மையாக ஓட்டுவதால், டெலீட், அப்டேட் போன்றவற்றை ஆராயும்போது பிகின், ரோல்பேக் இரண்டுக்கும் நடுவே வைத்து ஓட்டுவதே பாதுகாப்பு. திட்டம் கைக்கு வந்தபின் நான்கு தீர்வுகளில் ஒன்று பொருந்தும்.

மதிப்பிட்ட வரிசை எண்ணிக்கைக்கும் உண்மையில் வந்த எண்ணிக்கைக்கும் பல மடங்கு வேறுபாடு இருந்தால், கோளாறு புள்ளிவிவரத்தில் இருக்கிறது. அட்டவணையில் ஏறத்தாழ 10 சதவீத வரிசைகள் மாறிய பிறகே போஸ்ட்கிரஸ் தானாகப் புள்ளிவிவரத்தைப் புதுப்பிக்கும். இரவில் பல லட்சம் வரிசைகளை ஏற்றி, அடுத்த நிமிடமே அறிக்கை எடுத்தால், திட்டமிடும் பகுதி பழைய கணக்கை நம்பி வழி வகுத்திருக்கும். இங்கே அனலைஸ் கட்டளையே போதும். அது இயல்பான அமைப்பில் 30,000 வரிசைகளை மட்டும் மாதிரியாக எடுக்கிறது. படிப்பதையும் எழுதுவதையும் தடுப்பதில்லை. செலவு மிகக் குறைவு என்பதால் நான்கில் முதலில் முயல வேண்டியது இது. மாவட்டமும் பின்கோடும் போல ஒன்றையொன்று சார்ந்த நெடுவரிசைகள் இருந்தால் அனலைஸ் மட்டும் உதவாது. இரண்டையும் தனித்தனிச் செய்திகளாக எண்ணித் திட்டம் தவறிவிடும். அதற்கென 2017-இல் வந்த 10-ஆம் பதிப்பு முதல் கிரியேட் ஸ்டாட்டிஸ்டிக்ஸ் கட்டளை இருக்கிறது.

மதிப்பீடு சரியாக இருந்தும், சில வரிசைகளுக்காக முழு அட்டவணையும் படிக்கப்பட்டால், இன்டெக்ஸ் தேவை. அட்டவணையின் பெரும்பகுதியே விடையாக வர வேண்டிய வினவலுக்கு இன்டெக்ஸால் பயனில்லை. அங்கே முழுதாகப் படிப்பதுதான் வேகம். ஏற்கெனவே இன்டெக்ஸ் இருந்தும் பயன்படாமல் இருந்தால், எழுதிய முறையைப் பார்க்க வேண்டும். மின்னஞ்சல் நெடுவரிசையை லோயர் செயல்கூறால் சுற்றித் தேடினால், சாதாரண இன்டெக்ஸ் அதற்கு உதவாது. லோயர் செய்த மதிப்பின் மேலேயே இன்டெக்ஸ் கட்ட வேண்டும். சொல்லின் தொடக்கம் தெரியாமல் நடுவிலோ முடிவிலோ உள்ள பகுதியைத் தேடும் லைக் வினவலுக்கு வழக்கமான பி-ட்ரீ கைகொடுக்காது. பிஜி_டிஆர்ஜிஎம் நீட்சி தேவை.

இன்டெக்ஸைக் கட்டுவதிலும் இரண்டு வழிகள். சாதாரண கிரியேட் இன்டெக்ஸ் விரைவில் முடியும். ஆனால் முடியும்வரை அட்டவணையில் யாரும் எழுத முடியாது. கன்கரண்ட்லி சேர்த்தால் எழுதுவது தடைப்படாது. அதற்கு விலையாக அட்டவணை இருமுறை படிக்கப்படும், நேரம் கூடும், நடுவில் முறிந்தால் செல்லாத இன்டெக்ஸ் ஒன்று மிஞ்சி நிற்கும். அதை நீக்கிவிட்டு மறுபடி தொடங்க வேண்டும். பயன்பாட்டில் உள்ள சர்வருக்குக் கன்கரண்ட்லி. இன்னும் யாரும் தொடாத புதிய சர்வருக்குச் சாதாரண முறை.

மூன்றாவது தீர்வு வினவலையே மாற்றி எழுதுவது. பக்கம் பக்கமாகக் காட்டும் திரைகளில் ஆஃப்செட் 1,00,000 என்று கேட்டால், ஒரு லட்சம் வரிசைகளை எடுத்துத் தூக்கி எறிந்த பிறகே அடுத்த 20 வரும். எந்த இன்டெக்ஸ் போட்டாலும் இந்த வீண்வேலை முழுதாக நீங்காது. முந்தைய பக்கத்தின் கடைசி எண்ணை நினைவில் வைத்து ‘அதற்குப் பிந்தைய 20’ என்று கேட்டால், ஆயிரமாவது பக்கமும் முதல் பக்கம் போலவே வரும். குறிப்பிட்ட எண்ணுள்ள பக்கத்துக்கு நேரே தாவ முடியாது என்பதுதான் இதன் குறை.

நான்காவது, நினைவகம். வரிசைப்படுத்தும் வேலை வட்டுக்குப் போனதாகத் திட்டம் காட்டினால், 4 எம்பி என்ற இயல்பான வொர்க்_மெம் அளவு போதவில்லை என்று பொருள். இதைச் சர்வர் முழுவதற்கும் உயர்த்துவது ஆபத்து. இந்த அளவு சர்வருக்கு ஒன்று என்று கணக்கில் வராது. ஒவ்வொரு இணைப்பின் ஒவ்வொரு வரிசைப்படுத்தலுக்கும் தனித்தனியே செலவாகும். 64 எம்பி என வைத்தால், 100 இணைப்புகள் தலா ஒரு வரிசைப்படுத்தல் செய்தாலே 6 ஜிபியைத் தாண்டிவிடும். கனமான அறிக்கை ஓடும் அந்த ஒரு டிரான்சாக்‌ஷனுக்கு மட்டும் செட் லோக்கல் மூலம் உயர்த்துவது நல்லது.

விடை தவறாக வந்தால்

பிழைச்செய்தியே இல்லாமல் தவறான விடை வருவது மெதுவான வினவலைவிடக் கெட்டது. பல மாதம் யாரும் கவனிக்காமல் இருக்கலாம். அடிக்கடி நேர்வது நல் மதிப்பால் வரும் சிக்கல். ‘இந்தப் பட்டியலில் இல்லாதவர்கள்’ என்று நாட் இன் கொண்டு கேட்கும்போது, உள்வினவலின் பட்டியலில் ஒரே ஒரு நல் இருந்தாலும் விடை வெறுமையாக வரும். நல் என்பது தெரியாத மதிப்பு. தெரியாத ஒன்றோடு ஒப்பிட்டு ‘இல்லை’ என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்பது எஸ்கியூஎல் தர்க்கம். நாட் எக்சிஸ்ட்ஸ் இந்தச் சிக்கலில் விழாது. திட்டமும் பெரும்பாலும் சிறப்பாக அமையும். உள்வினவல் வரும் இடங்களில் அதையே தேர்ந்தெடுக்கலாம்.

லெஃப்ட் ஜாயின் எழுதிவிட்டு, வலப்பக்க அட்டவணையின் நிபந்தனையை வேர் பகுதியில் வைத்தால், இணை இல்லாத வரிசைகள் உதிர்ந்து, அது இன்னர் ஜாயினாகவே மாறிவிடும். அந்த நிபந்தனை ஆன் பகுதியில் இருக்க வேண்டும். நாள், நேரம் இரண்டும் சேர்ந்த நெடுவரிசையில் ‘1 முதல் 31 வரை’ என்று பிட்வீன் கொண்டு தேடினால், 31-ஆம் தேதி நள்ளிரவுக்குப் பிந்தைய பதிவுகள் விடுபடும். ‘1-ஆம் தேதியோ அதற்குப் பிறகோ, அடுத்த மாதம் 1-ஆம் தேதிக்கு முன்’ என்று எழுதினால் எதுவும் தவறாது.

ஒரே வரிசை இரண்டு மூன்று முறை வரும்போது டிஸ்டிங்க்ட் சேர்ப்பது பலரின் வழக்கம். ஜாயினில் ஒரு நிபந்தனை விடுபட்டதுதான் பெரும்பாலும் காரணம். டிஸ்டிங்க்ட் அதை மறைக்கும். தொகையைக் கூட்டும் வினவலில் அதே தவறு கணக்கைப் பெருக்கிக் காட்டும்.

பூட்டில் சிக்கி நின்றால்

எல்லாம் உறைந்ததுபோல் தெரியும்போது பிஜி_ஸ்டாட்_ஆக்டிவிட்டி என்ற பார்வை யார் என்ன செய்கிறார்கள் என்று காட்டும். பிஜி_பிளாக்கிங்_பிட்ஸ் யாருக்காக யார் காத்திருக்கிறார்கள் என்று சொல்லும். அங்கே ‘ஐடில் இன் டிரான்சாக்‌ஷன்’ என்ற நிலையில் ஓர் இணைப்பு நெடுநேரம் இருந்தால், பெரும்பாலும் அதுவே மூலம்: டிரான்சாக்‌ஷனைத் திறந்த நிரல் மூடாமல் போய்விட்டது.

விடுவிக்க மூன்று வழிகள். பிஜி_கேன்சல்_பேக்எண்ட் ஓடும் வினவலை மட்டும் நிறுத்தும், இணைப்பு பிழைத்திருக்கும். எப்போதும் இதில் தொடங்குவது நல்லது. ஆனால் சும்மா திறந்து கிடக்கும் டிரான்சாக்‌ஷனில் நிறுத்த வினவல் எதுவும் இல்லை. அங்கே பிஜி_டெர்மினேட்_பேக்எண்ட் கொண்டு இணைப்பையே துண்டிக்க வேண்டும். பாதி நடந்த மாற்றங்கள் ரோல்பேக் ஆகும். மூன்றாவது, இயங்குதளத்தில் கில் மைனஸ் 9 கொடுப்பது. அப்படி ஒரு செயல்முறை செத்தால், பொது நினைவகம் கெட்டிருக்கலாம் என்று கருதி, போஸ்ட்கிரஸ் எல்லா இணைப்புகளையும் துண்டித்து மீட்புப் பணியில் இறங்கும். ஒருவரை வெளியேற்ற ஊரையே காலி செய்வது போன்றது அது.

ஆல்டர் டேபிள் இன்னொரு வகையில் ஏமாற்றும். அதன் வேலை நொடியில் முடியக்கூடியதாக இருக்கலாம். ஆனால் ஒரு நீண்ட வினவலுக்குப் பின்னால் அது வரிசையில் நின்றால், அதற்குப் பின் வரும் சாதாரண செலக்ட்களும் நிற்கும். லாக்_டைம்அவுட்டைச் சில நொடிகளாக வைத்து, கிடைக்காவிட்டால் பிறகு முயல்வதே இங்கே தீர்வு. டெட்லாக் ஏற்பட்டால் நிர்வாகி தலையிட வேண்டியதில்லை. ஒரு நொடி காத்தபின் போஸ்ட்கிரஸே சோதித்து ஒருவரை வெளியேற்றும். அது அடிக்கடி நேர்ந்தால், நிரல்கள் எல்லாம் வரிசைகளை ஒரே ஒழுங்கில் பூட்டும்படி திருத்த வேண்டும்.

இணைப்பு கிடைக்காவிட்டால்

மேக்ஸ்_கனெக்‌ஷன்ஸ் இயல்பாக 100. இது தீர்ந்ததும் எண்ணை உயர்த்தத்தான் முதலில் கை போகும். போஸ்ட்கிரஸில் ஒவ்வோர் இணைப்பும் தனி இயங்குதளச் செயல்முறை. எண்ணை உயர்த்தினால் நினைவகச் செலவு ஏறும், மாற்றம் நடைமுறைக்கு வர சர்வரை நிறுத்தித் தொடங்கவும் வேண்டும். இணைப்புகளில் பெரும்பாலானவை சும்மா இருந்தால், பிஜிபவுன்சர் போன்ற பூலரே சரியான தேர்வு: நூற்றுக்கணக்கான பயனர் இணைப்புகளைச் சில பத்து உண்மையான இணைப்புகளில் அது ஓட்டிவிடும். அதன் செஷன் முறையில் எதுவும் உடையாது, மிச்சமும் அதிகமில்லை. டிரான்சாக்‌ஷன் முறையில் மிச்சம் அதிகம். ஆனால் லிசன், செஷன் அளவிலான செட் போன்றவை நம்பகமாக இயங்கா. எல்லா இணைப்புகளும் உண்மையிலேயே வேலை செய்துகொண்டிருந்தால், குறை இணைப்பு எண்ணில் இல்லை. மெதுவான வினவலில் இருக்கிறது.

வட்டு நிரம்பினால்

போஸ்ட்கிரஸில் அப்டேட் செய்தால் பழைய வரிசை அழிவதில்லை. புதிய வடிவம் தனியே எழுதப்பட்டு, பழையது செத்த வரிசையாகக் கிடக்கும். டெலீட்டும் அப்படியே. ஆகவே இடம் வேண்டும் என்று கோடிக்கணக்கான வரிசைகளை டெலீட் செய்தால், வட்டில் உடனே ஒன்றும் குறையாது. செத்த வரிசைகளைச் சுத்தம் செய்யும் வழிகள் மூன்று:

| வழி | பூட்டு | இடம் | எப்போது |
|---|---|---|---|
| வாக்யூம் | படிப்பதும் எழுதுவதும் தொடரும் | அட்டவணைக்குள்ளேயே மறுபயனுக்கு வரும். பொதுவாக இயங்குதளத்துக்குத் திரும்பாது | வழக்கமான பராமரிப்பு |
| வாக்யூம் ஃபுல் | படிக்கக்கூட முடியாது | இயங்குதளத்துக்குத் திரும்பும். முதலில் புதிய பிரதிக்கு இடம் வேண்டும் | பராமரிப்பு நேரம் கிடைக்கும்போது |
| பிஜி_ரீபேக் நீட்சி | தொடக்கத்திலும் முடிவிலும் சிறிது நேரம் | திரும்பும். இதற்கும் பிரதிக்கு இடம் வேண்டும் | நிறுத்த முடியாத சர்வரில். முதன்மைத் திறவுகோல் போன்ற தனித்த திறவுகோல் இருந்தால் |

வட்டு நிரம்பி வழியும் நேரத்தில் பின்னிரண்டும் உதவாது. பிரதி எழுத இடமில்லை. அதனால் பழைய தரவை மாதவாரியான பார்ட்டிஷன்களாகப் பிரித்து வைப்பது முன்யோசனை: பழைய மாதத்தை டிராப் செய்தால் இடம் உடனே திரும்பும்.

வாக்யூமைத் தானாக ஓட்டும் ஆட்டோவாக்யூம் இயல்பாக 20 சதவீத வரிசைகள் செத்த பிறகே இறங்கும். 10 கோடி வரிசைகள் உள்ள அட்டவணையில் அது 2 கோடி. பெரிய அட்டவணைகளுக்கு மட்டும் இந்த விகிதத்தைக் குறைப்பது வாக்யூம் ஃபுல்லுக்கான தேவையையே தவிர்க்கும். ஆட்டோவாக்யூமை நிறுத்திவிடுவது தீர்வாகாது. டிரான்சாக்‌ஷன் எண் 32 பிட் அளவே என்பதால், பழைய வரிசைகளை வாக்யூம் உரிய காலத்தில் உறையவைக்காவிட்டால், தரவைக் காக்க போஸ்ட்கிரஸ் ஒரு கட்டத்தில் எழுதுவதையே மறுத்துவிடும்.

மாற்றங்களைப் பதிவுசெய்யும் வால் கோப்புகள் இருக்கும் பிஜி_வால் அடைவு ஊதினால் அங்குள்ள கோப்புகளைக் கையால் அழிக்கவே கூடாது. அவை இல்லாமல் சர்வர் விபத்திலிருந்து மீளாது. முன்பு இந்த அடைவின் பெயர் பிஜி_எக்ஸ்லாக். வெறும் லாக் கோப்புகள் என்று எண்ணிப் பலர் அழித்ததால் 10-ஆம் பதிப்பில் பெயரே மாற்றப்பட்டது. அடைவு ஊதக் காரணம் பெரும்பாலும், நின்றுபோன ரெப்ளிகா என்னும் நகல் சர்வருக்காகக் காத்திருக்கும் ரெப்ளிகேஷன் ஸ்லாட், அல்லது தோல்வியடையும் ஆர்கைவ் கட்டளை. ஸ்லாட்டை நீக்கினாலோ கட்டளையைச் சரிசெய்தாலோ அடைவு தானாகச் சுருங்கும்.

தரவே போய்விட்டால்

மேற்சொன்ன தவறுகள் அனைத்துக்கும் கடைசி அரண் பேக்கப். பிஜி_டம்ப் ஒரு கணத்தின் நிலையைக் கட்டளைகளாக எழுதித் தரும். ஒரே அட்டவணையை மட்டும் மீட்கலாம், வேறு பதிப்புக்கும் கொண்டுபோகலாம். ஆனால் நள்ளிரவில் எடுத்தால், மறுநாள் மாலை வரையிலான மாற்றங்கள் அதில் இல்லை; பெரிய தரவுத்தளத்தை மீட்க நெடுநேரமும் ஆகும். பிஜி_பேஸ்பேக்கப்பும் வால் ஆர்கைவும் சேர்ந்தால், தவறான டெலீட் ஓடிய நிமிடத்துக்கு முந்தைய நிமிடம் வரை திரும்பலாம். பதிலுக்கு முழு சர்வரையும் சேர்த்தே, அதே பெரும் பதிப்பில்தான் மீட்க முடியும். சிறிய தரவுத்தளத்துக்கு முதலாவது போதும். ஒரு நாள் இழப்பைத் தாங்காத தரவுக்கு இரண்டாவது கட்டாயம். ரெப்ளிகா இவற்றுக்கு மாற்றாகாது. தவறான டெலீட் அங்கேயும் உடனே போய்ச் சேரும்.

2017 ஜனவரி 31 அன்று கிட்லாப் நிறுவனத்தில் நடந்ததை அந்நிறுவனமே விரிவாக வெளியிட்டது. பின்தங்கிய ரெப்ளிகாவைச் சரிசெய்ய முனைந்த பொறியாளர், ரெப்ளிகாவின் தரவு அடைவு என்று எண்ணி முதன்மை சர்வரின் அடைவை அழித்துவிட்டார். 9.6 பதிப்பு சர்வருக்கு 9.2 பதிப்பு பிஜி_டம்ப் ஓடியதால் பேக்கப் எடுக்கும் வேலை தோற்றுக்கொண்டே இருந்திருக்கிறது. அதைச் சொல்ல வேண்டிய மின்னஞ்சல்களும் யாரையும் சேரவில்லை. வேறொரு தேவைக்காக ஆறு மணி நேரம் முன்பு எடுத்திருந்த ஸ்னாப்ஷாட்டே கைகொடுத்தது. இடைப்பட்ட மாற்றங்கள் போயின. எந்த முறையைத் தேர்ந்தெடுத்தாலும், குறித்த இடைவெளியில் வேறொரு சர்வரில் மீட்டுப் பார்த்து, வரிசைகளை எண்ணிச் சரிபார்த்த பிறகே அதைப் பேக்கப் என்று கணக்கில் வைக்கலாம்.