தாத்தாவுக்கு ஒரு நகரம்

வாசிக்கும் முன்
• உங்கள் குடும்பத்தில் யாருடைய பிறந்தநாளையாவது சிறப்பாகக் கொண்டாடியிருக்கிறீர்களா? அதை எப்படித் திட்டமிட்டீர்கள்?
• ஒருவருக்குப் பிடித்தது எது என்பதை அவரிடம் கேட்காமல் நம்மால் அறிந்துகொள்ள முடியுமா?

வாசிப்புப் பகுதி

வரும் ஜூன் மாதம் தாத்தாவுக்கு எழுபது வயது நிறைகிறது. அறுபது வயது நிறைந்தபோது கோயிலில் மணிவிழா நடந்தது. பாட்டியும் தாத்தாவும் மாலையும் கழுத்துமாக அமர்ந்திருக்கும் படம் இன்னும் எங்கள் வரவேற்பறையில் இருக்கிறது. பாட்டி இறந்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. “இன்னொரு விழா வேண்டாம். அந்த மேடையில் தனியாக உட்கார என்னால் முடியாது” என்று தாத்தா முன்கூட்டியே சொல்லிவிட்டார்.

“அப்படியானால் எங்காவது போய் வருவோம்” என்றார் அப்பா. “மாமா ஐரோப்பாவைப் பார்த்ததே இல்லை. நாமும் பார்த்ததில்லை.”

அன்றிரவே அக்கா மடிக்கணினியைத் திறந்து உட்கார்ந்தாள். இரண்டு நாளில் திட்டம் தயாராகிவிட்டது. ஆறு நாள்கள், நான்கு நகரங்கள்: பாரிஸ், பிரஸ்ஸெல்ஸ், ஆம்ஸ்டர்டாம், கொலோன். பதினேழு இடங்கள். ஒவ்வோர் இடத்திற்கும் நாற்பத்தைந்து நிமிடம். வண்ண வண்ணக் கட்டங்களாக இருந்த அந்த அட்டவணையைப் பார்த்து எல்லாரும் பாராட்டினோம். அம்மா, பாரிஸ் என்ற சொல்லின்மேல் விரலை வைத்துக்கொண்டு சற்று நேரம் பேசாமல் இருந்தார்.

“நீங்கள் என்ன சொல்கிறீர்கள், அப்பா?” என்று தாத்தாவிடம் கேட்டார்.

“நன்றாக இருக்கிறதம்மா” என்றார் தாத்தா. பிறகு தம் முழங்காலைத் தடவிக்கொண்டே அறைக்குப் போய்விட்டார்.

எனக்குக் கொடுக்கப்பட்ட வேலை கடப்பிதழ்களைச் சரிபார்ப்பது. சிங்கப்பூர்க் குடிமக்கள் குறுகிய காலப் பயணத்திற்கு பெல்ஜியம், பிரான்ஸ் முதலிய ஷெங்கன் நாடுகளுக்குள் நுழைய விசா தேவையில்லை. ஆனால், அங்கிருந்து புறப்படும் நாளுக்குப் பிறகும் கடப்பிதழ் குறைந்தது மூன்று மாதங்களுக்குச் செல்லுபடியாக வேண்டும். எல்லாருடைய கடப்பிதழும் சரியாக இருந்தது. தாத்தாவுடையதைக் காணவில்லை.

“அலமாரியில் பழைய ரொட்டி டின் இருக்கும். அதில் பார், ஐயா” என்றார் தாத்தா.

டின்னில் கடப்பிதழ் இருந்தது. ஆகஸ்ட் மாதத்தோடு காலாவதியாகிறது, புதுப்பிக்க வேண்டும். அதன் அடியில், கைக்குட்டையில் சுற்றிய கனமான பொருள் ஒன்றும் இருந்தது. பிரித்துப் பார்த்தேன். உள்ளங்கையைவிட நீளமான உலோகத் தட்டு. மூன்று பக்கம் விளிம்பு, ஒரு பக்கம் திறப்பு.

“தாத்தா, இது என்ன?”

தாத்தா அதை வாங்கி இடக்கையில் பிடித்தார். கட்டைவிரல் தானாகவே உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. “இதுதான் கம்போசிங் ஸ்டிக். சிராங்கூன் சாலைக்குப் பின்னால் ஒரு சின்ன அச்சகம் இருந்தது. பதினாறு வயதில் அங்கே வேலைக்குச் சேர்ந்தேன். எழுத்துப் பெட்டியிலிருந்து ஒவ்வோர் ஈய எழுத்தாக எடுத்து இதில் அடுக்க வேண்டும். ஒரு வரி நிறைந்ததும் அடுத்த வரி. திருமண அழைப்பிதழ், கோயில் திருவிழா அறிக்கை, பள்ளிப் புத்தகம் எல்லாம் இப்படித்தான்.”

சிறு வயதில் தாத்தா என் பெயரை இடவலம் மாற்றி எழுதிக் காட்டியது நினைவுக்கு வந்தது. கண்ணாடி முன் பிடித்தால்தான் எனக்கு அது புரியும். தாத்தாவோ சாதாரணமாகப் படிப்பார். அது அவருடைய தொழில் கற்றுக்கொடுத்த வித்தை என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

“அந்த எழுத்துகளெல்லாம் இப்போது எங்கே, தாத்தா?”

“கணினி வந்தது; அச்சகத்தை மூடினார்கள். எழுத்துகளை எடைக்குப் போட்டார்கள். ஈயத்துக்கு என்ன விலையோ அதுதான் எழுத்துக்கும் விலை. இதை மட்டும் முதலாளியிடம் கேட்டு வாங்கி வந்தேன்.” கைக்குட்டையை மறுபடியும் சுற்றினார். “எத்தனையோ புத்தகங்களுக்கு எழுத்துக் கோத்தேன். ஒன்றில்கூட என் பெயர் இல்லை. அது முறையும் இல்லை என்று வைத்துக்கொள்.”

நான் தயங்கித் தயங்கிக் கேட்டேன். “ஐரோப்பாவில் நீங்கள் எதைப் பார்க்க ஆசைப்படுகிறீர்கள், தாத்தா?”

அந்தக் கேள்வியை அதுவரை யாரும் அவரிடம் கேட்கவில்லை. “நன்றாக இருக்கிறதா?” என்றுதான் கேட்டிருந்தோம்.

“பழைய அச்சு இயந்திரம் எங்காவது இருக்குமா?” என்றார் தாத்தா.

இருந்தது. மறுநாள் பள்ளி நூலகத்தில் தேடியபோது பெல்ஜியத்தின் ஆண்ட்வெர்ப் நகரம் கண்ணில் பட்டது. பிரான்சில் பிறந்த கிறிஸ்டோஃப் பிளான்டின் என்பவர் அந்நகரில் குடியேறி, 1555ஆம் ஆண்டில் நூல்களை அச்சிடத் தொடங்கினார். அவருடைய அச்சகம் தங்கக் கவராயத்தைச் சின்னமாகக் கொண்டது. 1568க்கும் 1573க்கும் இடையில் ஐந்து மொழிகளில், எட்டுத் தொகுதிகளாக அவர் அச்சிட்ட விவிலியம் புகழ்பெற்றது. அவருக்குப் பின் அவருடைய மருமகன் மொரீட்டஸும் அவர் வழிவந்தவர்களும் ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகள் அதே வீட்டில் அச்சகத்தை நடத்தினர். 1876இல் நகராட்சி அதை வாங்கி, மறு ஆண்டு அரும்பொருளகமாகத் திறந்தது. 1600ஆம் ஆண்டளவில் செய்யப்பட்ட இரண்டு அச்சு இயந்திரங்கள் அங்கே உள்ளன. உலகில் இன்று எஞ்சியிருப்பவற்றுள் அவையே மிகப் பழையவை. எழுத்துப் பெட்டிகளும், மெய்ப்புத் திருத்துவோர் அமர்ந்த அறையும் அப்படியே இருக்கின்றன. 2005இல் யுனெஸ்கோ அந்த இடத்தை உலக மரபுடைமையாக அறிவித்தது.

இன்னொரு செய்தியும் கிடைத்தது. அந்த அச்சகத்தின் கணக்குப் பதிவேடுகள் இன்றும் பாதுகாக்கப்படுகின்றன. எழுத்துக் கோத்தவர்களின் பெயர்களும் அவர்களுக்குக் கொடுத்த கூலியும் அவற்றில் எழுதப்பட்டுள்ளன.

அன்று மாலை நான் சொல்லி முடித்ததும் வீட்டில் அமைதி நிலவியது. முதலில் பேசியவள் அக்கா. “அப்படியென்றால் பாரிஸை விட்டுவிட்டு ஆண்ட்வெர்ப்பா? ஊர் திரும்பியதும் எங்கே போனீர்கள் என்று கேட்பவர்களுக்கு என்ன சொல்வது?”

“தாத்தாவின் பிறந்தநாளுக்குத்தானே போகிறோம்?” என்றேன்.

“அம்மாவுக்கு ஈஃபில் கோபுரத்தைப் பார்க்க எவ்வளவு ஆசை என்று உனக்குத் தெரியுமா?”

எனக்குத் தெரியவில்லை. அம்மாவிடமும் நான் கேட்டதில்லை. அம்மா, “பரவாயில்லை, விடு” என்றார். ஆனால், குரல் பரவாயில்லை என்று சொல்லவில்லை.

தாத்தா அம்மாவின் பக்கம் திரும்பினார். “எனக்காக உன் ஆசையை மறைக்காதே அம்மா. பாரிஸுக்கே போவோம். நான் அந்த இயந்திரத்தைப் படத்தில் பார்த்துக்கொள்கிறேன்.”

ஒருவருக்காக ஒருவர் விட்டுக்கொடுத்துக்கொண்டே போனால் கடைசியில் யாருக்கும் பிடிக்காத ஒரு பயணம்தான் மிஞ்சும் என்று எனக்குத் தோன்றியது. அப்பா ஒரு தாளை எடுத்து நடுவில் கோடு போட்டார். நான்கு நகரங்களுக்கு ஆகும் ரயில் கட்டணம், விடுதிக் கட்டணம் ஆகியவற்றை ஒரு பக்கம் எழுதினார். ஒரே நகரத்தில் தங்கினால் ஆகும் செலவை மறுபக்கம் எழுதினார். வேறுபாடு பெரிது. “மிச்சமாகும் பணத்தைத் தனியாக எடுத்து வைப்போம். இன்னும் மூன்று ஆண்டுகளில் உனக்கு ஐம்பது வயது. அந்தப் பிறந்தநாளுக்குப் பாரிஸ்” என்று அம்மாவிடம் சொன்னார். அம்மா அந்தத் தாளை வாங்கி, கீழே அந்த ஆண்டைப் பெரிதாக எழுதி, குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டிவைத்தார். இந்த முறை அவருடைய முகமும் சிரித்தது.

அதன் பிறகு அக்காதான் எங்கள் தலைவி. பழைய அட்டவணையை அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்கினாள். பிரஸ்ஸெல்ஸ் விமான நிலையத்திலிருந்து ஆண்ட்வெர்ப்புக்கு நேரடி ரயில் உண்டு. அரை மணி நேரத்திற்குச் சற்று அதிகமாகும். 1905இல் திறக்கப்பட்ட ஆண்ட்வெர்ப் மத்திய ரயில் நிலையமே பார்க்க வேண்டிய இடந்தான். நகரம் பெரும்பாலும் சமதளம். ஆனால், பழைய நகரப் பகுதியின் தெருக்கள் கல் பாவியவை என்பதால் தாத்தாவுக்கு நல்ல காலணி வேண்டும். தாத்தா சைவம். ரயில் நிலையத்திற்கு அருகில் வைர வணிகம் நடக்கும் பகுதியில் குஜராத்தி வணிகர்கள் பலர் இருப்பதால் அங்கே சைவ உணவு கிடைக்கும்.

ஜூன் மாதத்தில் பெல்ஜியம் நம்மைவிட ஆறு மணி நேரம் பின்தங்கியிருக்கும். அங்கே இரவு பத்து மணி என்றால் இங்கே விடியற்காலை நான்கு மணி. அந்த மாதத்தில் இரவு பத்து மணி வரை வெளிச்சமும் இருக்கும். “வெளிச்சம் இருக்கிறதே என்று சுற்றக்கூடாது. தாத்தாவின் உடல் நம் நேரத்தில்தான் இருக்கும். காலையில் பார்ப்போம், பிற்பகலில் ஓய்வெடுப்போம்” என்றாள் அக்கா. நாற்பத்தைந்து நிமிடக் கட்டங்கள் மறைந்து, ஒரு நாளுக்கு ஓரிடம் என்றானது.

எல்லாம் முடிந்தது என்று நினைத்தபோது ஒரு சிக்கல் தெரிந்தது. தாத்தாவின் பிறந்தநாள் திங்கட்கிழமை. அந்த அரும்பொருளகத்திற்குத் திங்கட்கிழமைதான் விடுமுறை. அக்காவின் முகம் வாடிவிட்டது. தாத்தா சிரித்தார்.

“அந்த இயந்திரம் நானூறு ஆண்டுகளாகக் காத்திருக்கிறது. நான் ஒரு நாள் காத்திருக்க மாட்டேனா?”

ஆகவே, திங்கட்கிழமை பேராலயத்தில் ரூபன்ஸ் வரைந்த ஓவியங்களைப் பார்த்துவிட்டு, ஷெல்ட் ஆற்றங்கரையில் பிறந்தநாளைக் கொண்டாடுவது என்று முடிவு செய்தோம். செவ்வாய்க்கிழமைக் கட்டத்தில் அக்கா ஒரே ஒரு வரி எழுதினாள்: “காலை 10 மணி. தாத்தாவின் அச்சகம். திரும்பும் நேரம்: தாத்தா சொல்லும்போது.”

திட்டத்தைப் பெரிய எழுத்தில் அச்சிட்டு, தாத்தாவிடம் கொடுத்தேன். அவர் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, சிவப்புப் பேனாவை எடுத்தார். இரண்டாம் வரியில் விட்டுப்போன ஒற்றெழுத்தைச் சேர்த்தார். நான்காம் வரியில் ‘ன’கரத்தை ‘ண’கரமாக்கினார். கடைசிப் பக்கத்தில் நான் எழுதியிருந்த குறிப்பில் அவருடைய பேனா நின்றது.

“அந்தப் பதிவேட்டில் எழுத்துக் கோத்தவர்களின் பெயர்கூட இருக்கிறதா?”

“இருக்கிறது, தாத்தா. அவர்கள் வாங்கிய கூலியும் இருக்கிறது.”

தாத்தா அந்த வரியை மீண்டும் ஒருமுறை படித்தார். அதில் திருத்த எதுவும் இல்லை. தாளின் அடியில் தம் பெயரை எழுதி, “மெய்ப்புப் பார்த்தவர்” என்று பக்கத்தில் குறித்தார். பிறகு எழுந்து போய் ரொட்டி டின்னை எடுத்து வந்தார்.

“இதையும் பெட்டியில் வை, ஐயா. அதுவும் தன் ஊரைப் பார்த்துவிட்டு வரட்டும்.”

அருஞ்சொற்பொருள்

மணிவிழா – அறுபது வயது நிறைவைக் கொண்டாடும் விழா
கடப்பிதழ் – வெளிநாடு செல்ல அரசு வழங்கும் ஆவணம்
காலாவதியாதல் – செல்லுபடியாகும் காலம் முடிந்துபோதல்
எழுத்துக் கோத்தல் – அச்சு எழுத்துகளை வரிசையாக அடுக்குதல்
கவராயம் – வட்டம் வரையப் பயன்படும் கருவி
மெய்ப்பு – பிழை திருத்துவதற்காக முதலில் அச்சிட்டுப் பார்க்கும் படி
பேராலயம் – பெரிய கிறிஸ்துவத் தேவாலயம்

கருத்தறிதல்

1. தாத்தா விழா வேண்டாம் என்று கூறியதற்குக் காரணம் என்ன?
2. “நன்றாக இருக்கிறதா?” என்று கேட்பதற்கும் “எதைப் பார்க்க ஆசைப்படுகிறீர்கள்?” என்று கேட்பதற்கும் உள்ள வேறுபாட்டை விளக்குக.
3. “குரல் பரவாயில்லை என்று சொல்லவில்லை” என்னும் தொடர் அம்மாவின் மனநிலையை எவ்வாறு காட்டுகிறது?
4. அக்காவின் முதல் திட்டத்திற்கும் இரண்டாம் திட்டத்திற்கும் உள்ள மூன்று வேறுபாடுகளை எழுதுக.
5. பதிவேட்டைப் பற்றிய செய்தி தாத்தாவுக்கு ஏன் முக்கியமானதாக இருந்தது? பகுதியிலிருந்து சான்று காட்டுக.

கலந்துரையாடுக

“விட்டுக்கொடுத்தல் நல்ல பண்பு. ஆனால், ஆசையை மறைப்பது விட்டுக்கொடுத்தல் ஆகாது.” இக்கூற்றைப் பற்றி உங்கள் குழுவில் கலந்துரையாடுங்கள்.

செய்து பார்க்க

உங்கள் குடும்பத்தில் மூத்தவர் ஒருவரிடம் அவர் செய்த வேலையைப் பற்றியும் அவர் பார்க்க விரும்பும் இடத்தைப் பற்றியும் கேளுங்கள். அவருக்கு ஏற்ற மூன்று நாள் பயணத் திட்டம் ஒன்றைத் தயாரியுங்கள். ஓய்வு நேரம், உணவு, நடக்க வேண்டிய தூரம், விடுமுறை நாள்கள் ஆகியவற்றைக் கருத்தில் கொள்ளுங்கள். திட்டத்தை அவரிடமே காட்டித் திருத்தம் கேட்க மறவாதீர்கள்.