கண்ணை இருட்டிக்கொண்டு வருகிறதா? வீட்டுப் பெரியவர்களுக்குச் சில குறிப்புகள்

சோழவரம் வழியாகச் சிறுவாபுரி முருகன் கோயிலுக்குச் செவ்வாய்க்கிழமைகளில் கூட்டம் அலைமோதும். ஆறு வாரம் தொடர்ந்து போனால் சொந்த வீடு அமையும் என்பது நம்பிக்கை. விரதம், வெயில், நீண்ட வரிசை, காலையில் போட்ட பிரஷர் மாத்திரை: எழுபது வயதுக்காரருக்கு மயக்கம் வர இது போதும். ஒருமுறை விழுந்துவிட்டால், "இனிமே எங்கயும் போக வேணாம், வீட்லயே இரும்மா" என்று உட்காரவைத்துவிடுகிறோம். மயக்கத்தைவிட இதுதான் கெடுதல். நடக்காத காலில் வலு குறையும். அடுத்த முறை எழும்போது இன்னும் தள்ளாடும்.

1. எழுந்து நின்றதும் அரை லிட்டருக்கு மேல் ரத்தம் வயிற்றுக்கும் காலுக்கும் இறங்குகிறது. இளவயதில் உடம்பு அதை நொடியில் சரிக்கட்டிவிடும், வயதானால் தாமதமாகும். எனவே கட்டிலில் எழுந்து உட்கார்ந்து, பாதங்களை மேலும் கீழும் ஆட்டி, ஓரிரு நிமிடம் கழித்து எதையாவது பிடித்துக்கொண்டு நிற்கட்டும். பிறகு நடக்கலாம்.

2. இரவில் சிறுநீர் கழிக்கப் போகும் ஆண்கள் உட்கார்ந்தே போவது நல்லது. தரையோடு உள்ள கழிப்பறையானால் சுவரில் ஒரு கைப்பிடி வையுங்கள். உள்தாழ்ப்பாள் போட வேண்டாம்.

3. எழுந்து நிற்கும்போது பிரஷர் இறங்கும் இந்தக் கோளாறு, உட்காரவைத்து மட்டும் பார்த்தால் பிடிபடாது. ஐந்து நிமிடம் படுக்கவைத்து ஒருமுறை, எழுந்து நின்ற மூன்று நிமிடத்துக்குள் மறுமுறை பார்க்க வேண்டும். மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 குறைந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள். 2021 முதல் நடக்கும் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீடு தேடி வருபவரிடமே இப்படிப் பார்க்கச் சொல்லிக் கேட்கலாம்.

4. வீட்டிலுள்ள மாத்திரை அத்தனையையும் ஒரு மஞ்சப்பையில் போட்டு டாக்டர் முன் கொட்டுங்கள். பிரஷர், நீர் பிரிவது, புராஸ்டேட், தூக்க மாத்திரை எனப் பலதும் சேர்ந்து ஆளைச் சாய்க்கும். நெஞ்சுவலிக்கு நாக்கடியில் வைக்கும் மாத்திரையை உட்கார்ந்தே வைக்க வேண்டும். நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள்.

5. வயிறு முட்டச் சாப்பிட்ட இரண்டு மணி நேரத்துக்குள்ளும் சிலருக்குப் பிரஷர் இறங்கும். கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்துச் சாப்பிடட்டும்.

6. கோயிலோ ரேஷன் கடையோ, தாராளமாகப் போகட்டும். கிளம்புமுன் ஏதாவது சாப்பிட்டு, இரண்டு டம்ளர் தண்ணீர் குடிக்கட்டும் (இதயம், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் டாக்டர் சொன்ன அளவோடு). சர்க்கரை மாத்திரை போடுபவர் விரதத்துக்கு முன் டாக்டரைக் கேட்டே ஆக வேண்டும். மடக்கு ஸ்டூல் ஒன்று எடுத்துப் போங்கள். முருகன் கோபித்துக்கொள்ள மாட்டார். வரிசையில் குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்கினால் ரத்தம் மேலேறும். கண் இருட்டத் தொடங்கினால் கௌரவம் பார்க்காமல் அங்கேயே உட்கார வேண்டும்.

7. விழுந்தவரைத் தூக்கி நிறுத்தாதீர்கள். படுக்கவைத்துக் காலை உயர்த்துங்கள்; கூட்டத்தை விலக்குங்கள். நினைவு திரும்பும்வரை தண்ணீர், சோடா எதையும் வாயில் ஊற்றக் கூடாது; புரையேறி மூச்சடைக்கும். கையில் இரும்புச் சாவி கொடுப்பது வலிப்புக்கே பயன்படாது, இதற்கு எங்கே!

8. நடக்கும்போதோ படுத்திருக்கும்போதோ மயங்கினால், முன்னறிகுறியே இல்லாமல் விழுந்தால், நெஞ்சுவலி, படபடப்பு, மூச்சுத்திணறல், வாய்க்கோணல், பேச்சுக் குழறல் இருந்தால், தலையில் அடிபட்டால் 108தான். "பித்தம், எலுமிச்சம்பழச் சாறு குடிச்சா சரியாயிடும்" என்று காத்திருக்க வேண்டாம். இதயத்துடிப்பு மந்தமாகி விழுபவர்கள் பலர், பேஸ்மேக்கர் வைத்தபின் பழையபடி நடமாடுகிறார்கள்.

9. முதியோருக்கெனத் தனி மருத்துவம் நம் ஊருக்குப் புதிதல்ல. இந்தியாவின் முதல் முதியோர் மருத்துவப் பிரிவு 1978இல் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில்தான், டாக்டர் வி.எஸ். நடராஜன் பொறுப்பில் தொடங்கியது. கிண்டியில் 200 படுக்கைகளுடன் தேசிய முதியோர் நல மருத்துவமனை 2024இல் திறக்கப்பட்டது. எங்கே போனாலும், விழுந்ததை நேரில் பார்த்தவரையும் கூட்டிப்போங்கள். முகம் வெளுத்ததா, கைகால் இழுத்ததா, எத்தனை நிமிடத்தில் தெளிந்தது என்று டாக்டர் கேட்பதற்கெல்லாம் அவரால்தான் பதில் சொல்ல முடியும்.