மாத்திரையை நிறுத்தியவர்கள் யார்?

அன்புள்ள கயல்,

மனச்சிதைவு மாத்திரையை விட்டவர்களே பிற்காலத்தில் நன்றாக இருந்தார்கள் என்று சொல்லும் சிகாகோ ஆய்வைப் பற்றிக் கேட்டிருந்தாய். மார்ட்டின் ஹாரோவும் தாமஸ் ஜோபும் நோயாளிகளை 20 ஆண்டுகள் பின்தொடர்ந்து எழுதியது அது. அவர்கள் கண்டதில் பொய்யில்லை. ஆனால், யார் தொடர்வது, யார் நிறுத்துவது என்று ஆய்வாளர்கள் பிரித்துவிடவில்லை. அது தானாக நடந்தது. நோய் லேசானவர்களுக்குத்தான் நிறுத்துவது எளிது. மழை விட்ட பிறகு குடையை மடக்குகிறோம். மடக்கியதால் மழை விட்டது என்போமா? இதைக் காட்டி உன் தோழியின் அண்ணனிடம் மாத்திரையை நிறுத்தச் சொல்லிவிடாதே.

இந்தச் சிக்கலைத் தவிர்க்கத்தான் சீட்டுக் குலுக்குவதுபோல ஆட்களைப் பிரிக்கிறார்கள். நெதர்லாந்தில் வுண்டரிங்க் குழு அப்படிச் செய்தது. முதல்முறை நோய் வந்து தேறியவர்களில் ஒரு பிரிவுக்கு மருந்தைக் குறைத்து, முடிந்தால் நிறுத்தினார்கள். மறு பிரிவுக்குத் தொடர்ந்து கொடுத்தார்கள். முதல் இரண்டு ஆண்டுகளில் குறைத்தவர்கள் பாடுதான் மோசம்: 43 சதவீதத்தினருக்கு நோய் திரும்பியது, தொடர்ந்தவர்களில் 21. 2013இல் வெளியான ஏழாண்டு முடிவிலோ, குறைத்தவர்களில் 40 சதவீதம் பேர் மீண்டிருந்தார்கள். தொடர்ந்தவர்களில் சுமார் 18 தான். இரண்டாம் ஆண்டோடு ஆய்வை மூடியிருந்தால் செய்தியே வேறாகியிருக்கும்!

ஆனாலும் கடைசிவரை வந்தவர்கள் 103 பேர்தான். குறைப்புப் பிரிவிலும் ஐந்தில் ஒருவர் அளவுக்கே மருந்தை முழுக்க விட முடிந்தது. ஆய்வுக்காலம் முடிந்ததும் மருந்தைக் கூட்டுவதும் குறைப்பதும் அவரவர் மருத்துவர் கையில். ஆக இது 'நிறுத்து' என்பதற்கான சான்றல்ல, 'கவனமாகக் குறைத்துப் பார்க்கலாம்' என்பதற்கானது என்றே நான் படிக்கிறேன்.

ஹாங்காங்கில் 178 பேரிடம் நடந்த ஆய்வு நேர்மாறாகச் சொன்னது. நோய்க்குறிகள் அடங்கியிருந்தவர்களில் பாதிப் பேருக்கு ஓராண்டு குவெட்டியாபின் என்ற மருந்து, மீதிப் பேருக்கு மருந்தில்லாத போலி மாத்திரை. பத்தாண்டு கழித்து மோசமான நிலையில் இருந்தவர்கள், மருந்து பெற்றவர்களில் 21 சதவீதம், போலி மாத்திரைக்காரர்களில் 39. யார் சொல்வது சரி என்று கேட்குமுன் எதைக் கணக்கெடுத்தார்கள் என்று பார். நெதர்லாந்துக்காரர்கள் நோய்க்குறிகளோடு அன்றாட வாழ்க்கையும் சீரானதா என்று பார்த்தார்கள். ஹாங்காங்கில் எண்ணியது விடாத நோய்க்குறிகள், மற்ற மருந்துகள் பலிக்காதபோது தரும் குளோசபின் தேவைப்பட்டது, தற்கொலை ஆகியவற்றை.

அடுத்து இங்கிலாந்தின் ரேடார் ஆய்வைப் படி, 2023இல் வந்தது. இரண்டே ஆண்டுக் கணக்கு அது. மருந்தைக் குறைத்தவர்களில் 25 சதவீதம் பேர் நோய் முற்றி மருத்துவமனையில் சேர்ந்தார்கள், மற்றவர்களில் 13. ஏழாம் ஆண்டில் அந்த இடைவெளி என்னவாகும் என்று நீ நினைக்கிறாய்? காரணத்தோடு எழுது.

அன்புடன்,
சித்தப்பா